எழுபது மைலில் ஓர் உதறல்

கார் உதறுகிறது என்று வரும் வேலை எந்த மெக்கானிக்குக்கும் பிடிக்காது. எண்ணெய் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். பெல்ட் அறுந்தால் கையோடு வந்துவிடும். உதறல் அப்படியில்லை. எழுபது மைல் வேகத்தில் வரும், அறுபதில் காணாமல் போகும், பட்டறைக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாக நிற்கும். அப்படி ஒரு வேலை வாசலுக்கு வந்தால் எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கழிப்பறை ஞாபகம் வரும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடக் கொஞ்சம் பிந்திவிட்டேன்.

"டேனா, இது உனக்கு," என்று சர்வீஸ் மேனேஜர் கர்ட் வேலைத் தாளை என் கருவிப் பெட்டிமேல் வைத்தான்.

"ப்ரெண்ட் எங்க?"

"பாத்ரூம்ல."

தாளில் கர்ட்டின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: வாடிக்கையாளர் கூற்று, எழுபதில் ஸ்டியரிங் உதறுகிறது. அவ்வளவுதான். வாடிக்கையாளரோடு பேசுவது கர்ட்டின் வேலை, காரோடு பேசுவது எங்கள் வேலை. அவர் சொன்னதை அவன் ஒரு வரியாகச் சுருக்கி எங்களுக்குத் தருவான், நாங்கள் செய்ததை ஒரு வரியாக எழுதித் தந்தால் அதைச் சர்க்கரை தடவி அவரிடம் சொல்வான். பதினோரு வருடமாக ஆப்பிள்டன் ஊரில் கார் பழுது பார்க்கிறேன், கார் வைத்திருப்பவர்களில் பத்துப் பேர் முகம்கூட எனக்குத் தெரியாது.

வெளியே நின்ற காரைப் பார்த்ததும் எரிச்சல் பாதி போய்விட்டது. ஆரஞ்சு நிறம், இரண்டு கதவு, ஐந்நூறு குதிரைத் திறன், கையால் கியர் மாற்றும் வண்டி. வாங்கி மூன்று வாரம். விஸ்கான்சின் குளிர்காலத்து உப்பும் சேறும் ஊரில் எல்லாக் கார் மேலும் அப்பிக் கிடக்க, இது மட்டும் குளித்துத் தலைவாரிக்கொண்டு நின்றது. உரிமையாளர் பெயர் ஆர்டிஸ் ஹால்வர்சன். யாரோ பணக்காரக் கிழவனின் மனைவி பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இந்த மாதிரிக் காரைத் தொடுவதே எனக்குப் பெரிய விஷயம். பதினோரு வருடத்தில் பத்து வருடம் மினிவேனுக்கு எண்ணெய் மாற்றியே போய்விட்டது. வேகக் கார்களைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுத் தரும் கார்க் கம்பெனியின் பயிற்சிக்கு அந்த ஜூன் மாதம் எங்கள் பட்டறையிலிருந்து ஒருவரை அனுப்பப் போகிறார்கள். ஒன்று நான், இல்லாவிட்டால் ப்ரெண்ட். யார் என்பதைக் கம்பெனியின் கேள்வித்தாள் முடிவு செய்யும். வேலை முடிந்ததும் வாடிக்கையாளருக்கு அது போகும். அதில் இருபது கேள்வி இருந்தாலும் உயிர் ஒன்றில்தான்: "முதல் தடவையிலேயே சரியாகிவிட்டதா?" ஆறு மாதத்துக்குள் இரண்டு "இல்லை" வாங்கியவருக்குப் பயிற்சி கிடையாது. எனக்குப் பிப்ரவரியிலேயே ஒன்று விழுந்துவிட்டது. ஒரு வேனின் ஹீட்டருக்குள் கூடு கட்டியிருந்த எலியை வெளியேற்றினேன், அது மறுவாரமே திரும்பி வந்து மறுபடி கட்டிக்கொண்டது. எலி திரும்பி வந்ததற்கும் நானா பொறுப்பு? கேள்வித்தாளில் எலிக்கு இடமில்லை. இன்னும் ஒரு "இல்லை" விழுந்தால் என் கதை முடிந்தது.

அதனால் இந்தக் காரை மிகக் கவனமாகப் பார்த்தேன். கோளாறு பத்து நிமிடத்தில் சிக்கியது. முன்பக்கம் இரண்டு ரிம்மிலும் உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய எடைக்கட்டிகள் இல்லை. சக்கரம் ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் ஒட்டும் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள் அவை. குளிரில் பசை விட்டிருக்கும் என்று நினைத்தேன். மிஷினில் ஏற்றிப் பேலன்ஸ் செய்தேன், புதுக் கட்டிகள் ஒட்டினேன், நெடுஞ்சாலையில் எழுபதில் ஓட்டிப் பார்த்தேன். அசையவில்லை. "பேலன்ஸ் செய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன்.

எட்டாவது நாள் ஆரஞ்சுக் கார் திரும்பி வந்தது. அதே வரி. அதே உதறல். அதே இடத்தில் கட்டிகள் இல்லை.

"தாயே, கொஞ்சம் கருணை காட்டு," என்றான் கர்ட். "அந்தம்மா ரொம்ப மரியாதையா பேசறாங்க. அதுதான் பயமா இருக்கு."

"மிஷின்ல விட்டு பிரஷ் போட்டுக் கழுவறாங்களான்னு கேளு."

கேட்டான். ஆர்டிஸ் ஹால்வர்சன் மனம் புண்பட்டு, தன் காரைத் தன் கையைத் தவிர வேறெதுவும் தொட்டதில்லை என்று சொன்னாராம். நான் ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு வேறு கம்பெனிக் கட்டிகளை ஒட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். பால் மாதிரி ஓடியது.

ஆறாவது நாள் மறுபடி வந்தது. இந்தத் தடவை பின்சக்கரங்களிலும் கட்டிகள் இல்லை.

நான் கட்டிகளை ஒட்டி, அவற்றின் மேல் அகலமான வெள்ளித்தாள் நாடாவையும் ஒட்டி, கட்டைவிரல் வலிக்கும்வரை அழுத்தினேன். இதற்கு மேல் ஆணிதான் அடிக்க வேண்டும். கர்ட் கணினியில் வேலையை முடித்ததாகக் காட்டாமல் திறந்தே வைத்திருந்தான். முடித்தால் கேள்வித்தாள் போய்விடும்.

அந்த நாடாவும் ஐந்து நாள்தான் தாங்கியது. உதறல் திரும்பி வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டேன், அது என் காலிலேயே விழுந்தது. நொண்டிக்கொண்டே போய் ரிம்முக்குள் விளக்கு அடித்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பசை தானாக விட்டால் பசையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே பசை இல்லை, நாடாவின் தடம் இல்லை, பிரேக் தூசிகூட இல்லை. நான் துடைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. இது விழவில்லை. யாரோ எடுக்கிறார்கள்.

யார் எடுப்பார்கள்? என் சிறு புத்தி நேராக ப்ரெண்டிடம் போனது. வேலை முடிந்த கார்கள் பின்பக்கம் நிற்கும். ப்ரெண்ட் அங்கேதான் உட்கார்ந்து மதியம் சாப்பிடுவான். நான் போனபோது வாயில் பாதி சாசேஜ் பன் இருந்தது.

"என் சக்கரத்த நோண்டறியாடா?"

அவன் மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "எந்தச் சக்கரம்?"

"நடிக்காத. ஆரஞ்சு. உனக்கு ஜூன்ல போகணும், அதுக்குத்தானே?"

"போகணும்தான்." பன்னைக் கீழே வைத்தான். ப்ரெண்ட் சாப்பாட்டைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. "ஆனா உன் வேலையக் கெடுத்துத்தான் போகணும்னா எனக்கு வேணாம். பதினோரு வருஷமா பக்கத்துப் பக்கத்துல நிக்கறோம், என்னைப் பத்தி இவ்ளோதான் தெரிஞ்சுவெச்சிருக்கியா?"

திரும்பி வந்துவிட்டேன்.

அன்று மறுபடி பேலன்ஸ் செய்து அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. கர்ட் பேசிவிட்டு வெளிறிய முகத்தோடு வந்தான். "மறுபடி உதறுதாம். இனிமே அவங்களை வரச் சொல்ல எனக்கு வாய் வரல. நீயே வீட்டுக்குப் போய் வண்டிய எடுத்துட்டு வா. போற வழியில பேக்கரில ஒரு கிரிங்கிள் கேக் வாங்கிட்டுப் போ, பீக்கான் பருப்பு போட்டது. சிரிச்ச முகமா குடு. வேற எதையும் பேசாத."

வீடு பக்கத்து ஊரான நீனாவில், ஏரிக்குப் பக்கத்தில். கராஜ் கதவு திறந்திருந்தது. கையில் இனிப்புப் பெட்டியோடு உள்ளே எட்டிப் பார்த்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

பணக்காரக் கிழவன் யாரும் இல்லை. எழுபதை நெருங்கும் ஒல்லியான அம்மா ஒருவர் தரையில் யோகா விரிப்பின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நெற்றியில் விளக்கு, கையில் நீல உறை, மூக்கின் மேல் பூதக்கண்ணாடி. வலது கை முன்சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே முழங்கைவரை உள்ளே போயிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் காகிதத் துண்டு விரித்து, முனை வளைந்த மெல்லிய இரும்புச் சுரண்டிகள் ஆறு ஏழு அளவுவாரியாக அடுக்கியிருந்தன.

"கர்ட் அனுப்பின பொண்ணா? வா கண்ணு, வா. நல்ல நேரத்துக்கு வந்தே. குனிஞ்சு பாரு."

"என்ன மேடம் பண்றீங்க?" என்றேன்.

"காரை எடுக்கறேன். பல்லுல படியுமே, அது. முப்பத்தி நாலு வருஷம் பல் டாக்டர்கிட்ட அந்த வேலைதான் பாத்தேன். ஒருத்தர் வாயத் தொறந்தா போதும், எங்க படிஞ்சிருக்குன்னு சொல்லிடுவேன். இந்தச் சக்கரத்துக்குள்ள வாங்கின முதல் வாரமே பாத்துட்டேன். கறுப்பா, கட்டி கட்டியா, வரிசையா உக்காந்திருக்கு. இவ்ளோ வெல குடுத்து வாங்கற வண்டிய இப்படியா அனுப்புவாங்க?"

நான் இனிப்புப் பெட்டியைத் தரையில் வைத்தேன்.

"அதுகூடப் பரவால்ல," என்றார், சுரண்டிக்கொண்டே. "ஒவ்வொரு தடவையும் உங்க பட்டறைக்குப் போயிட்டு வந்தா புதுசா முளைச்சிருக்கு. ஒரு தடவ மேல வெள்ளித்தாள் ஒட்டி மறைச்சு வேற வெச்சிருந்தாங்க. என்ன சாமர்த்தியம் பாரு. வண்டி உதறறதே இந்தக் கட்டிங்களாலதான். எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஆனாலும் நிக்கல. இன்னும் எங்கயோ ஒண்ணு ஒளிஞ்சிருக்கு."

அலமாரியிலிருந்து நாலு பிளாஸ்டிக் பைகளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் தேதி, எந்தச் சக்கரம் என்ற விவரம், உள்ளே என் எடைக்கட்டிகள். கம்பெனிக்கு அனுப்பி நியாயம் கேட்பதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஒரு போன் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து கர்ட்டைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"சொல்லிடாத!" என்றான் கர்ட். "உங்க தப்புன்னு ஒரு வாடிக்கையாளர்கிட்ட சொல்லி நல்ல மார்க் வாங்கின பட்டறை இந்த நாட்டுலயே கெடையாது. புது மாதிரி கட்டி வந்திருக்கு, கை படக்கூடாதுன்னு சொல்லு. நான் கெஞ்சிக் கூத்தாடி 'ஆமா' போட வெச்சிடறேன். உன் ஜூன் மாசம் எங்கயும் போகாது."

நல்ல யோசனைதான். கர்ட் கெஞ்சினால் கல்லும் "ஆமா" போடும். ஆனால் ஒரு மாதமாக நான் என் கையையே சந்தேகப்பட்டிருக்கிறேன். ஒழுங்காகத் துடைக்கவில்லையோ, ஒழுங்காக அழுத்தவில்லையோ என்று தூக்கத்தில்கூட ரிம் துடைத்திருக்கிறேன். கூட நின்ற ஒருவனைத் திருடன் ஆக்கியிருக்கிறேன். என் வேலை முதல் நாளே சரியாக இருந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. பெருந்தன்மை எல்லாம் இல்லை, ரோஷம்தான்.

உள்ளே போய் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மேடம், அது அழுக்கு இல்ல. அதை ஒட்டினது நான்தான்."

சுரண்டும் சத்தம் நின்றது.

"எந்தச் சக்கரமும் சுத்தி ஒரே கனமா வராது. ஒரு பக்கம் ரெண்டு மூணு ஸ்பூன் சர்க்கரை அளவு கூட இருக்கும். மெதுவாப் போனா தெரியாது. எழுபதுல போனா அந்தக் கனம்தான் வண்டியப் பிடிச்சு உலுக்கும். அதைச் சரிக்கட்டத்தான் எதிர்ப்பக்கம் இந்தக் கட்டி."

அவர் கையை வெளியே எடுத்து எழுந்து உட்கார்ந்தார். நெற்றி விளக்கு என் கண்ணில் அடித்தது.

"அப்ப இதை எடுத்தா?"

"உதறும்."

"நீ ஒட்டி அனுப்புவே. நான் எடுப்பேன்."

"ஆமா."

"முதல் தடவ? உங்க பட்டறைக்கு வர்றதுக்கு முன்னாடியே உதறுச்சே?"

"அதுக்கு முன்னாடியும் நீங்க சுத்தம் பண்ணியிருக்கீங்க மேடம்."

விளக்கை அணைத்தார். முகம் காதுவரை சிவந்திருந்தது. கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்று மடித்துத் தட்டில் வைத்தார். "சாவி வண்டியிலேயே இருக்கு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கிரிங்கிள் பெட்டி தரையிலேயே இருந்தது.

ஆரஞ்சுக் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்ததும் முதலில் ப்ரெண்டிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, உன்மேல் பழி போட்டது என் முட்டாள்தனம் என்றேன். அவன் சிரித்துச் சிரித்து டயர் அடுக்கின் மேல் சாய்ந்துவிட்டான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு என் செலவில் கூட்டிப்போனால் மன்னிப்பதாகச் சொன்னான். இரண்டு தட்டு சாப்பிட்டான், பாவி. கர்ட் மட்டும் என்னோடு பேசவில்லை. வியாழக்கிழமை அந்த அம்மா வந்து, கையெழுத்துப் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல், நான் மறுபடி பேலன்ஸ் செய்து வைத்த காரை எடுத்துப் போனாராம். கர்ட் இனிமேல் தள்ளிப்போட முடியாமல் கணினியில் வேலையை முடித்தான். கேள்வித்தாள் போனது.

பத்து நாள் கழித்து பதில் வந்தது. கர்ட் அச்செடுத்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் ஓடிவந்தான். முதல் தடவையிலேயே சரியாகிவிட்டதா? ஆமாம்.

என்னால் நம்ப முடியவில்லை. நம்பாதது நான் மட்டும் இல்லை. கம்பெனியும் நம்பவில்லை. ஐந்து தடவை பட்டறைக்குப் போன வண்டிக்கு எப்படி "ஆமாம்" வரும்? எங்களைப் போன்ற பட்டறைகள் வாடிக்கையாளரைக் கெஞ்சி எழுத வைப்பது அவர்களுக்குத் தெரியாதா? விசாரித்து முடிக்கும்வரை அந்தப் பதில் செல்லாது, கெஞ்சியது உறுதியானால் அதை "இல்லை" என்றே எடுத்துக்கொள்வோம் என்று கர்ட்டுக்குக் கடிதம் வந்தது. ப்ரெண்ட் பயிற்சிக்கு எந்தப் பெட்டி எடுத்துப் போவது என்று என்னிடமே யோசனை கேட்டான். கேலிக்குத்தான் கேட்டான், ஆனாலும் சுருக்கென்றது.

திங்கட்கிழமை காலை ஆரஞ்சுக் கார் உறுமிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றது. ஆர்டிஸ் ஹால்வர்சன் இறங்கி, வரவேற்பறையைக் கண்டுகொள்ளாமல், தூக்கிய கார்களுக்கு அடியில் நுழைந்து நேராக என்னிடம் வந்தார். கையில் போன், அதில் ஒரு ஆண் குரல் சத்தமாகக் கேட்டது. கர்ட் பின்னாலேயே ஓடிவந்தான்.

"உங்க கம்பெனி ஆளு. பாதி வழியில கூப்பிட்டாரு," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தார். "ம், இப்ப கேளுங்க தம்பி."

"மேடம், வண்டி அஞ்சு தடவ பட்டறைக்குப் போயிருக்கு. ஆனா முதல் தடவையே சரியாயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்படி எழுதச் சொல்லி யாராவது கேட்டாங்களா? பயப்படாம சொல்லலாம்."

"எனக்கு அறுபத்தெட்டு வயசு. யாருக்குப் பயப்படணும்?"

"அப்ப வண்டி முதல் தடவை சரியானது உண்மையா?"

"உண்மை. அந்தப் பொண்ணு சரி பண்ணிட்டா. நான் கெடுத்தேன். அவ மறுபடி பண்ணா, நான் மறுபடி கெடுத்தேன். கண்ணு, அது பேரு என்ன?"

"எடைக்கட்டி," என்றேன்.

"எடைக்கட்டி. அவ ஒட்டினதை அழுக்குன்னு நெனச்சு நான்தான் பல்லு சுரண்டற கொக்கியால எடுத்தேன். நாலு தடவ."

ப்ரெண்ட் வேலையை நிறுத்திவிட்டான். கர்ட் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான்.

"மேடம், இதை எழுத இங்க கட்டம் இல்ல. 'மற்றவை'ன்னு போட்டுக்கறேன்."

"மற்றவை எல்லாம் வேணாம். வாடிக்கையாளர் தப்புன்னு எழுதுங்க. என் பேரையும் எழுதுங்க."

நான் பொறுக்க முடியாமல் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "சார், என் தப்பும் இருக்கு. எதை ஒட்டினோம்னு நாங்க அவங்களுக்கு விளக்கவே இல்ல. ஒரு வரி எழுதினேன், அவ்ளோதான்."

"யாரு பேசறது?" என்றது குரல்.

"நீ சும்மா இரு," என்று அந்த அம்மா என்னை அதட்டினார். பிறகு போனில் சொன்னார்: "தம்பி, முப்பத்தி நாலு வருஷம் ஜனங்க வாயில வேலை பாத்தவ நான். தினமும் பல் இடுக்கெல்லாம் நூல் விட்டு சுத்தம் பண்றேன்னு என் முகத்தப் பாத்து ஒவ்வொருத்தரும் பொய் சொல்லியிருக்காங்க. ஈறுல ரத்தம் வழியும், அப்பவும் பொய். ஒருத்தராவது 'ஆமாம்மா, நான்தான் கெடுத்துக்கிட்டேன்'னு சொல்ல மாட்டாங்களான்னு இருக்கும். ஒருத்தரும் சொன்னதில்ல. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் மேடம். 'ஆமாம்' அப்படியே இருக்கட்டும்."

போனைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். கிரீஸ் கையால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது.

"ஏம்மா அழறே?"

பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். ஜூன் மாதம், அந்த ஒரு கேள்வி, எலி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதே," என்றார். "உனக்காக நான் எதுவும் பண்ணல கண்ணு. நடந்ததைச் சொன்னேன்."

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் அழுகை வந்தது.